பேச்சுவார்த்தை இல்லாத வானம்

புதுக்கோட்டை
6 ஜனவரி 2025

வயிரவன் அண்ணனுக்கு முத்துக்குமார் எழுதுவது.

என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் அலமேலு ஆச்சி காபி கொடுப்பார்கள், நீங்கள் மாடிக்குப் போய்விடுவீர்கள். அதனால் நாம் விமானம் இறக்கும் ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் குணசேகரன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் மட்டும் நாம் இருவருமே பேசுகிறோம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நேற்றுக் காலை நாம் இருவரும் செத்திருக்க வேண்டியது. அது உங்களுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் இறங்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் வெயில். என் விமானத்தின் நிழல் எனக்கு முன்னே தைல மரங்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிழலின்மேல் இன்னொரு நிழல் ஏறியது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. இடது பக்கம் ஒடித்து, மரங்களின் தலையைத் தொடுகிற உயரத்தில் விலகி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் விமானம், நான் இருந்த இடத்தின் வழியாக, ஒன்றும் நடக்காத மாதிரி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் விமானத்துக்கு இறக்கை கீழே. என்னுடையதற்கு இறக்கை மேலே. நீங்கள் மேலே இருந்து இறங்கும்போது உங்கள் இறக்கை என்னை மறைக்கும். நான் கீழே இருக்கும்போது என் இறக்கை உங்களை மறைக்கும். ஒருவர் தலைமேல் ஒருவர் உட்காருகிறவரை இருவருக்கும் தெரியாது. நமக்கு வழி சொல்லக் கோபுரம் இல்லை, அதிகாரி இல்லை. வருகிறவன் தான் எங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் சொல்ல வேண்டும், மற்றவன் கேட்டு ஒதுங்க வேண்டும். இது ஒன்றுதான் நமக்கு இருக்கிற காவல். நான் நார்த்தாமலைக் குன்று தாண்டியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னிடம் பேச வேண்டாம் அண்ணே. என் பெயரைச் சொல்ல வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் காற்றில் சொல்லுங்கள். ராத்திரி கண்ணை மூடினால் அந்த நிழல்தான் வருகிறது.

முத்துக்குமார்


திருமயம் அருகே
9 ஜனவரி 2025

முத்துக்குமாருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் கையெழுத்து சித்தப்பா கையெழுத்து மாதிரியே இருக்கிறது, அதைக் கிழிக்க மனம் வரவில்லை. மற்றபடி அதில் எழுதியிருப்பதை நான் பொருட்படுத்தவில்லை.

நீ எனக்கு முன்னால் இறங்கப் பார்த்தாய். மூத்தவன் வருகிறான் என்றால் இளையவன் ஒதுங்குவது நம் குடும்பத்துப் பழக்கம். அந்த நேரத்தில் நான் வருவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் வந்து என் காலடியில் நுழைந்துவிட்டு, நிழல், நிழல் என்று எழுதுகிறாய்.

பேசச் சொல்கிறாய். யார் யாரிடம் பேசச் சொல்வது? சித்தப்பாவுக்கு எழுபது வயது நிறைந்த பீமரத சாந்திக்குப் பங்காளி வீட்டை எப்படி அழைக்க வேண்டும்? நேரில் வந்து, உட்கார்ந்து, வாயால் சொல்லி அழைக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? வாட்ஸப்பில் ஓர் அட்டையைப் போட்டாய். அதற்குக் கீழே ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்கவும்’ என்று ஒரு வரி. உன் அலுவலகத்துக் காவலாளிக்குப் போன அதே அட்டைதான் எனக்கும் வந்தது. நான் ஏற்கவில்லை. அன்றைக்கு வாயைத் திறக்காதவன் இன்றைக்கு என்னைத் திறக்கச் சொல்கிறான்.

காலையில் அங்கே பறப்பது நீயும் நானும்தான். நான் ரேடியோவில் எதைச் சொன்னாலும் உன்னிடம் சொன்னதாகத்தான் ஆகும். அதனால் சொல்வதில்லை. உன் குரல் வந்தால் சத்தத்தைத் திருகிக் குறைத்துவிடுகிறேன். காதுக்கு நிம்மதியாக இருக்கிறது. இவ்வளவு பெரிய வானத்தில் இரண்டே விமானம். கண் இருக்கிறதல்லவா, பார்த்து ஓட்டு.

இன்னொன்று. மகள் மீனாக்ஷி பயிற்சியை முடித்து லைசென்ஸோடு வந்திருக்கிறாள். பொங்கலுக்கு இங்கேதான். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து என் விமானத்தை ஓட்டுகிறாள். மாதக் கடைசியில் தனியாக விடப்போகிறேன். அவள் பறக்கும்போது நீ குறுக்கே வராதே.

வயிரவன்


புதுக்கோட்டை
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

அந்த அட்டை தப்புதான். என் அப்பச்சியை, உங்கள் சித்தப்பாவை, திருச்சி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைத்துக்கொண்டிருந்த மாதம் அது. அதைச் சொன்னால் சாக்கு என்பீர்கள், சாக்குதான். என்மேல் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. படுங்கள். தரையில் படுங்கள்.

மூத்தவர் முதலில் என்கிறீர்கள். வானத்தில் இறங்கும்போது யார் கீழே இருக்கிறானோ அவனுக்குத்தான் முதலிடம். இது நான் போட்ட சட்டம் இல்லை. நீங்களும் இதைப் படித்துத்தான் லைசென்ஸ் வாங்கினீர்கள்.

பார்த்து ஓட்டு என்கிறீர்கள். இந்த மார்கழிப் பனியில் எதைப் பார்ப்பது? அது மட்டுமில்லை. முன் கண்ணாடியில் ஒரு விமானம் நகர்ந்து போனால் அது விலகிப் போகிறது என்று அர்த்தம், அதனால் ஆபத்து இல்லை. மோத வருகிற விமானம் நகராது. கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். கண் அதைக் கவனிக்காது. கடைசியில், இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிற நேரத்தில், திடீரென்று பெரிதாகும். நகராத புள்ளியைத் தேடச் சொல்லி மீனாவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. என் குரல் வந்தால் சத்தத்தைக் குறைக்கிறீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் குறைக்கிறீர்களா? அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? பிள்ளைகள் நாம் சொல்வதைச் செய்வதில்லை அண்ணே, நாம் செய்வதைச் செய்கிறார்கள். இந்தக் கடிதத்தில் மற்ற எதற்கும் நீங்கள் பதில் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் எழுதுங்கள்.

பேசுவதே இல்லை என்றால் நேரத்தையாவது பிரித்துக்கொள்வோம். நான் விடிந்ததும் போய்விட்டு எட்டு மணிக்குள் இறங்கிவிடுகிறேன். எட்டுக்குமேல் வானம் உங்களுடையது.

முத்துக்குமார்


திருமயம் அருகே
17 ஜனவரி 2025

முத்துக்குமாருக்கு,

நேரத்துக்குச் சம்மதம். எட்டு வரை நீ, அதற்குமேல் நாங்கள். குணசேகரனிடமும் சொல்லிவிட்டேன். “அப்பாடா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இங்கிட்டு வந்தா நான் யாருக்குக் கை காட்டுறது, யாருக்கு வாய் காட்டுறது” என்றான். அவனுக்கு வாய் கூடிப்போயிற்று.

என் மகளை எப்படி வளர்ப்பது என்று நீ சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதத்தை அலமேலு எடுத்துப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து மீனா கிளம்பினால் இவள் மாடியில் போய் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்கிறாள். அடுப்பில் பால் பொங்கினாலும் வருவதில்லை. இதற்கு நீதான் பொறுப்பு.

நகராத புள்ளி என்று எழுதியிருந்தாய். முந்தாநாள் சித்தன்னவாசல் பாறைக்குமேல் ஒரு பருந்து அப்படித்தான் கண்ணாடியில் நின்றது. ஏதோ கறை என்று நினைத்தேன். சட்டென்று இறக்கையும் காலுமாகப் பெரிதாகிவிட்டது. இதைச் சும்மா எழுதினேன்.

வயிரவன்


புதுக்கோட்டை
27 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நேற்று இறங்கியதும் உங்களிடம் வர நினைத்தேன். ஆனால் என் விமானக் கொட்டகையிலேயே எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மீனாவைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். குணசேகரன் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பேச்சை மீறினேன் என்று நினைக்காதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். விடிந்ததும் கிளம்பி நார்த்தாமலைப் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தால் பனி மூடிக்கொண்டது. ஓடுதளம், கண்மாய், ரோடு ஒன்றும் தெரியவில்லை. பாறைகளின் தலை மட்டும் வெளியே இருந்தது. அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன். திருச்சிக்குப் போயிருக்கலாம். இதோ விலகிவிடும், இதோ விலகிவிடும் என்று இருந்துவிட்டேன். பனி விலகியபோது எட்டு தாண்டிவிட்டது. பெட்ரோலும் குறைந்துவிட்டது. சீக்கிரம் இறங்கினால் போதும் என்று வந்தேன். வருகிறேன், வருகிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். பதில் இல்லாததால் மேலே யாரும் இல்லை என்று நினைத்தேன். பதில் வராமல் இருப்பதுதான் நம்மிடையே வழக்கம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வந்து ஓடுதளத்துக்கு நேராகத் திரும்ப வேண்டிய இடம். வலது பக்கம் முழுக்கச் சூரியன். பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் ரேடியோவில் உங்கள் குரல் வந்தது, முதலில் மீனாவை, உடனே என்னை.

“முத்து! எடப்பக்கம் ஒடி! ஏறு, மேல ஏறு!”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கை தானாகச் செய்தது. ஏறிக்கொண்டே வலது பக்கம் கீழே பார்த்தேன். சூரியனுக்குள்ளிருந்து உங்கள் விமானம் வந்து எனக்குக் கீழே போயிற்று. மீனாவின் தலை தெரிந்தது. அவள் காதில் மாட்டியிருந்தது வெள்ளை நிறம் என்பதுகூடத் தெரிந்தது. அவள் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. நேற்றிலிருந்து அந்த வெள்ளை நிறம்தான் கண்ணில் நிற்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் முதலில் மீனாவைக் கூப்பிட்டீர்கள். எனக்கும் கேட்டது, இரண்டு மூன்று தடவை. அவள் ஏன் பதில் சொல்லவில்லை?

முத்துக்குமார்


திருமயம் அருகே
29 ஜனவரி 2025

முத்து,

நீ கேட்டதற்குப் பதில் உனக்கே தெரியும். தெரிந்துகொண்டு கேட்கிறாய் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, நானே என் கையால் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பனி மூடியபோது உன் கொட்டகை காலியாக இருந்தது. “அவரு திருச்சிக்குப் போயி எறங்கியிருப்பாருண்ணே, இந்தப் பனியில இங்கிட்டு எப்படி வருவாரு” என்றான் குணசேகரன். கைரேடியோ என் இடுப்பில் இருந்தது. “முத்து, எங்கே இருக்கிறாய்” என்று கேட்டால் முடிந்தது. கேட்கவில்லை. குணசேகரன் சொன்னதே போதும் என்று வைத்துக்கொண்டேன். பனி விலகியதும் மீனாவைத் தனியாக அனுப்பினேன். முதல் தடவை. கறம்பக்குடிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு நேராக வந்து இறங்கு என்றேன். அலமேலு திருநீறு பூசி அனுப்பியிருந்தாள்.

கிழக்கே ஒரு பொட்டு தெரிந்தது. மீனா. சந்தோஷமாக இருந்தது. படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். அந்தப் போன் திரையின் இன்னொரு ஓரத்தில், தெற்கே, நீ. அதே நேரம் என் இடுப்பில் உன் குரல், திரும்பப் போகிறேன் என்று சொல்கிறது. தரையிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிகிறது முத்து. இரண்டு பேரும் எந்த இடத்தில் சந்திப்பீர்கள் என்று நான் கைநீட்டிக் காட்டியிருப்பேன்.

மீனா, மீனா என்று கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது, விமானத்தின் எண், எல்லாம் போயிற்று. “மீனா, ஏறு ஆத்தா” என்று கத்தினேன். அவள் நேரே வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் குரல் கேட்டதும் அவள் சத்தத்தைக் குறைத்திருக்கிறாள். நான் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அது விமானம் ஓட்டுவதில் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறாள். என் மகளுக்கு நான் சொல்வது கேட்காது. அந்த வானத்தில் என் குரல் கேட்கிற ஒரே ஆள் நீ.

அதனால் உன்னைக் கூப்பிட்டேன். மனம் மாறியோ மன்னித்தோ கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு கௌரவமும் நினைவில்லை. நீ கேட்காமல் போயிருந்தால்? பங்காளி என்னை ஏன் அதட்டுகிறான் என்று ஒரு நொடி யோசித்திருந்தால்? இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மீனா அழகாக இறங்கினாள். சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். “அப்பச்சி, எப்படி எறக்குனேன் பாத்தீங்களா?” என்றாள். பிறகு, “ஏன் அழுகுறீங்க?” என்றாள். குணசேகரன்தான் நடந்ததைச் சொன்னான். அவள் விமானத்துக்குத் திரும்பிப் போய் ரேடியோவில் சத்தம் குறைக்கும் திருகைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து என்னைத் தாண்டிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வயிரவன்


புதுக்கோட்டை
6 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

மீனா நேற்று வீட்டுக்கு வந்தாள். தனியாகப் பேருந்தில் வந்தாள். என் அப்பச்சி அவளைப் பார்த்து உங்கள் அம்மா சாயல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் வந்து “சித்தப்பா, என்னய மன்னிச்சிருங்க” என்றாள். அவள் தப்பு என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்காமலே நான் உங்களுக்காகப் பேசிப் பார்த்தேன். “அப்பச்சி என்னயக் கொன்னிருப்பாங்க, ஒங்களையும் கொன்னிருப்பாங்க. எதுக்கு? ஒரு வாட்ஸப்புக்கு” என்றாள். நானும் அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன், என் தப்பும் உண்டு என்றேன். “அதான் ரெண்டு பேரும் தரையிலேயே சண்ட போட்டிருக்கலாம்ல” என்றாள்.

இனிப் பறக்க மாட்டாளோ என்று பயந்தேன். பறப்பேன் என்கிறாள். ஆனால் உங்களிடம் பேசுவது பற்றி இப்போது கேட்காதீர்கள் என்கிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. காட்டவா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முத்துக்குமார்


திருமயம் அருகே
17 பிப்ரவரி 2025

முத்து,

காட்டாதே. என் மகள் என்னிடம் பேச வேண்டும் என்றால் அது கடிதத்தைப் பார்த்து வரக்கூடாது.

வீட்டில் அதே நிலைதான். சாப்பிடும்போது, “ஆத்தா, அப்பச்சிக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க” என்று அலமேலுவிடம் சொல்கிறாள். நான் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டும் என்று நானும் அலமேலுவிடம் சொல்கிறேன். அலமேலு இருவரையும் முறைத்துவிட்டு ஊற்றுகிறாள். பேசாமல் இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று இந்தச் சில நாளில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்து இதையும் படித்திருக்கிறாள்.

நேற்று அவள் பறந்தாள். நீயும் மேலே இருந்தாய், அதனால் உனக்குத் தெரியும். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டை விட்டுக் கிளம்பியதும் பின்னாலேயே வந்து, உன் கொட்டகைக்குப் பின்புறம் கைரேடியோவோடு நின்றேன். அவள் மேலே போனதிலிருந்து இறங்குகிற வரை கண் கிழக்கிலேயே இருந்தது. நகராத பொட்டு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது அவள் குரல் வந்தது. எங்கே இருக்கிறாள், எவ்வளவு உயரம், எந்தப் பக்கமாக வருகிறாள் என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பார்த்துவிட்டேன், நீ முதலில் இறங்கு, நான் சுற்றி வருகிறேன் என்றாய் நீ. அவள் உனக்குச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ரேடியோவில் சொல்வது, கேட்கிற எல்லாருக்கும் சொல்வதுதானே? இருபத்தொரு நாளுக்குப் பிறகு என் மகள் எனக்கும் சேர்த்து ஒன்று சொன்னாள்.

பட்டனை அழுத்தினேன். “கேக்குது ஆத்தா” என்றேன்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். சத்தத்தைக் குறைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு “சரி” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இறங்கிவிட்டாள்.

அந்தச் ‘சரி’ உனக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா என்று அவளிடம் கேட்டுச் சொல். வேண்டாம் முத்து, கேட்காதே. எனக்குச் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன்.

வயிரவன்